வசந்தகால நிகழ்ச்சியில் துவோர்ஷாக்

அமெரிக்காவில் நான் வசிக்கும் சிற்றூரில், கல்லூரி மாணவர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து வாசிக்கும் இசைக்குழுவின் வசந்தகால நிகழ்ச்சி சென்ற வாரம் நடைபெற்றது. வயலின் வரிசையில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரும் இளம் மாணவி ஒருத்தியும் ஒரே தாங்கியிலிருந்த இசைத்தாளைப் பார்த்து வாசித்தார்கள். பக்கம் திருப்பும் பொறுப்பு உட்புறம் அமர்ந்திருந்த மாணவியுடையது.

முதன்மைப் படைப்பு துவோர்ஷாக்கின் ஒன்பதாம் சிம்பொனி. செக் நாட்டு இசையமைப்பாளரான அவர், நியூயார்க்கில் தேசிய இசைக் கல்லூரியின் இயக்குநராக இருந்தபோது எழுதிய இப்படைப்பு, 1893 டிசம்பரில் கார்னகி அரங்கில் அரங்கேறியது. இதன் இரண்டாம் பகுதிக்காகவே நான் போயிருந்தேன். பித்தளைக் கருவிகள் மெல்ல எழுப்பும் சுரக்கூட்டுகளுக்குப் பின், இங்கிலீஷ் ஹார்ன் என்னும் மரத் துளைக்கருவி தனித்து மெட்டை எடுக்கும்போது, ஒலியடக்கி பொருத்திய தந்திக் கருவிகள் அதற்கு அடியில் விரிந்து நின்றன. சிம்பொனி முழுவதிலும் டியூபா என்னும் பெரிய பித்தளைக் கருவிக்கு இந்தப் பகுதியில் மட்டுமே, அதுவும் சில சுரங்களே உண்டு. அவற்றுக்காக ஒருவர் ஒத்திகைகளுக்கெல்லாம் வந்து காத்திருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். பகுதியின் முடிவை நெருங்கும்போது, தந்தி வாசிப்பவர்கள் சிலராகக் குறைந்து, நடுநடுவே இசையை முற்றிலும் நிறுத்தித் தொடர வேண்டும். தேர்ந்த குழுக்களும் அஞ்சும் அந்த இடத்தில் இவர்கள் அவசரப்படவில்லை.

நான்காம் பகுதியின் வேகம் வயலின்களுக்குச் சற்று அதிகமாகவே இருந்தது; ஆயினும் ஹார்ன்களும் டிரம்பெட்டுகளும் முதன்மை மெட்டை முழங்கிய விதத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.