செவில் நாட்குறிப்பு: ஸோயி வந்த வாரம்

ஜூலை 24, 2022, ஞாயிறு

இங்கே வெப்ப அலைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஸோயி. புயலுக்கு வைப்பதுபோல இதற்கும் பெயர் வைக்கும் திட்டத்தை உலகிலேயே முதலில் தொடங்கிய ஊர் ஸ்பெயினின் இந்தச் செவில். முதல் பெயரே நாங்கள் வந்து இறங்கிய நேரத்தில்தான் வரவேண்டுமா? எழுத்து வரிசையில் கடைசியிலிருந்து பின்னோக்கி Z, Y, X என்று வருகிறார்கள். அடுத்தது யாகோ, அப்புறம் ஸெனியா. எச்சரிக்கையின் உச்ச நிலைக்கு மட்டுமே பெயர். பகல் வெப்பத்தோடு, இரவில் எவ்வளவு தணிகிறது என்பதையும் கணக்கில் எடுக்கிறார்களாம். அதுதான் நியாயம். தூங்கவிடாத இரவுதானே வயதானவர்களைச் சாய்க்கிறது.

மாலை 5 மணிக்கு, "வெயில் தாழ்ந்திருக்கும், கிளம்பலாமா?" என்றாள் அக்கா. விடுதி வரவேற்பில் இருந்தவர் இரண்டு கையையும் நீட்டித் தடுக்காத குறைதான். விஷயம் கடிகாரத்தில் இருக்கிறது. லண்டனுக்கும் மேற்கே இருக்கிற இந்த ஊர், ஜெர்மனியின் நேரத்தில் ஓடுகிறது. கோடையில் அதற்கு மேல் ஒரு மணி நேரம் கூட்டிவிடுகிறார்கள். சூரியன் உச்சிக்கு வருவதே பகல் 2.30க்கு. அப்படியானால் இவர்களுடைய 5 மணி, நம் ஊர் மூன்று மணி வெயில். அஸ்தமனம் இரவு 9.30க்கு மேல். மருந்துக்கடையின் பச்சைச் சிலுவைப் பலகை 46 காட்டியது. வெயில் நேராக அடிக்கும் பலகை, ஒன்றிரண்டைக் கழித்துக்கொள்ளலாம்.

ஜூலை 25, திங்கள்

காலையில் கதவு திறந்ததுமே அல்காசர் அரண்மனை. பெத்ரோ மன்னன் 14ஆம் நூற்றாண்டில் கட்டிய பகுதியில் 'கன்னியர் முற்றம்' என்று ஒன்று. நடுவில் நீண்ட தொட்டி, இருபுறமும் தரைமட்டத்துக்குக் கீழே பள்ளமாக இறக்கிய தோட்டம். ஆரஞ்சு மரத்தின் தலை நம் இடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிறது! இதை 16ஆம் நூற்றாண்டில் மூடி மேலே பளிங்கு பாவிவிட்டார்கள். தோண்டி வெளியே எடுத்தது இந்த நூற்றாண்டில்தான். எந்தப் புண்ணியவான் மூடினானோ.

அதைவிட எனக்குப் பிடித்தது மரியா தெ பாதில்யாவின் குளியலறை. பெயர்தான் குளியலறை, உண்மையில் மழைநீர்த் தொட்டி. மரியா, பெத்ரோவின் காதலி. வரிசையாக வளைவுகள், கடைசிவரை அசையாத தண்ணீர். வெளியேயிருந்து வந்ததும் கழுத்து வியர்வை சில்லென்று ஆகிறது. அரைமணி நேரம் நகரவே மனமில்லை. காவலர் எங்களை இருமுறை பார்த்தார், பிறகு விட்டுவிட்டார்.

திரும்பும்போது சியெர்பெஸ் தெரு. இந்தக் கட்டடத்துக்கும் அந்தக் கட்டடத்துக்கும் நடுவே துணி இழுத்துக் கட்டி, தெரு முழுக்கப் பந்தல். நகராட்சி இதைச் செய்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை.

ஜூலை 26, செவ்வாய்

பிளாசா தெ எஸ்பான்யா சதுக்கம் அழகுதான். 1929 கண்காட்சிக்காக அனிபல் கொன்சாலெஸ் வடிவமைத்தது. ஆனால் நட்ட நடுப்பகலில் அங்கே கூட்டம் கூட்டமாக ஆட்களை இறக்குவது அக்கிரமம். மாகாணத்துக்கு ஒன்றாக ஓடு பதித்த இருக்கைகள். வெயில் பட்ட இடத்தில் உட்கார்ந்தவர் உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். பக்கத்து மரியா லூயிசா பூங்காவில் மர நிழல் உண்டு, அங்கே ஓடினோம்.

ஒரு காலத்தில் மசூதிக் கோபுரமாக இருந்த ஹிரால்டாவில் படிக்குப் பதிலாக 35 சரிவுப் பாதைகள். தொழுகைக்கு அழைப்பவர் குதிரையிலேயே மேலே போகலாம் என்று கட்டியதாகச் சொல்கிறார்கள். நாங்கள் நடந்தோம்.

பிறகு ஆற்றைத் தாண்டி, குயவர்கள் வாழ்ந்த திரியானா. ஒரு கடையில் போதிஹோ பார்த்தேன்: மெருகு பூசாத மண்குடம், மேலே பிடி, ஒரு பக்கம் வாய், மறுபக்கம் குட்டி மூக்கு. தண்ணீர் மண்ணில் கசிந்து ஆவியாகி உள்ளே குளிரும், நம் பானை மாதிரியேதான். கடைக்காரர் குடத்தை நீட்டி, உதட்டில் படாமல் குடிக்கவேண்டும் என்று சைகை காட்டினார். பக்கத்தில் நின்ற பயணி சட்டையை நனைத்துக்கொண்டார். அக்கா அண்ணாந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் பாதிக் குடத்தைக் காலி செய்தாள். கடைக்காரர் கைதட்டியதில் அவளுக்கு ஏக பெருமை.

ஜூலை 27, புதன்

நேற்று இரவு 11 மணிக்குச் சாப்பாடு. சிறுவர்கள் அப்போதுதான் சதுக்கத்தில் பந்து ஆடுகிறார்கள். சால்மொரேஹோ என்ற குளிர்ந்த தக்காளிக் கூழ், மேலே பன்றி இறைச்சித் துணுக்கும் முட்டையும் தூவி வரும். வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடவேண்டும். ஸோயி இன்னும் கிளம்பவில்லை. நாளை நாங்கள் காதிஸுக்கு ரயில் ஏறுகிறோம், கடற்காற்று உண்டாம். காலை 7 மணிக்கு எழுப்பு என்கிறாள் அக்கா. பார்க்கலாம்.