ஓடையில் எவ்வளவு ஓடுகிறது என்றும் கேளுங்கள்

நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டிய ஓடை என்றால் எல்லோரும் முதலில் கேட்பது பிஎச் (நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் எண்) எவ்வளவு என்றுதான். சரி, அது முக்கியம்தான். நிலக்கரியோடு கிடக்கும் பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமத்தில் காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலம் உண்டாகும். பிஎச் 7-லிருந்து 4-க்கு இறங்கினால் அமிலத்தன்மை 1,000 மடங்கு கூடிவிட்டது என்று அர்த்தம். ஆனால் சுற்றியுள்ள பாறையில் சுண்ணாம்பு இருந்தால் அமிலம் அங்கேயே சமன்பட்டு, பிஎச் 7-லேயே நிற்கும். அப்போது அந்தக் கந்தக அமிலம் நீரில் விட்டுப்போகும் சல்ஃபேட்தான் காட்டிக்கொடுக்கும். அதைப் பார்க்காத அறிக்கையை நான் நம்புவதில்லை.

இரும்பு இன்னொரு தொல்லை. பாட்டிலில் பிடிக்கும்போது தெளிவாக இருக்கும் தண்ணீர், கொஞ்ச நேரத்தில் துருநிறமாகி அடியில் படிந்துவிடும். கரைந்த இரும்பு எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், ஓடைக்கரையிலேயே வடிகட்டி, சில சொட்டு நைட்ரிக் அமிலம் விட்டு மூட வேண்டும்.

என் பெரிய ஆதங்கம் வேறு. பல இடங்களில் நீரோட்டத்தை அளப்பதே இல்லை. லிட்டருக்கு 200 மில்லிகிராம் சல்ஃபேட் என்பது பாதிக் கதைதான். நொடிக்கு 10 லிட்டர் ஓடினால் ஒரு நாளில் சுமார் 173 கிலோ போகும். 100 லிட்டர் ஓடினால் சுமார் 1,730 கிலோ. மழையில் செறிவு குறைந்ததும் தண்ணீர் தேறிவிட்டது என்கிறார்கள். மொத்தச் சுமை ஏறியிருக்கலாமே!

அப்புறம், நிலத்தடிச் சுரங்கத்தால் தரை இறங்கினால் ஓடைப்படுகையே விரிசல் விட்டு நீரை விழுங்கிவிடும். முன்பு எவ்வளவு ஓடியது என்ற பதிவு இல்லாவிட்டால் அதை எப்படி நிரூபிப்பது? தோண்டும் முன்பே, குறைந்தது ஒரு முழு ஆண்டாவது, ஓடை சுரங்கப் பகுதிக்குள் வரும் இடத்திலும் அதைத் தாண்டிப் போகும் இடத்திலும் அளந்து வைக்கச் சொல்லுங்கள்.