சுமை ஏறினால் மட்டும் வரும் மிஸ்ஸிங்

என் பிக்கப்பில் ரொம்ப நாளாக இருந்த மிஸ்ஸிங்குக்கு (ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் இன்ஜின் தடுமாறுவது, மிஸ்ஃபயர் என்பதும் இதுதான்) காரணம் கடைசியில் பிடிபட்டது. பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்கும் இல்லை, அதற்கு மின்சாரம் தரும் காயிலும் இல்லை. "எல்லாம் மாற்றியாச்சு, இன்னும் போகவில்லை" என்று அலைகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

வண்டி வி6 பெட்ரோல், ஆட்டோமேட்டிக் கியர், ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனி காயில். ஐடிலிங்கில் அமைதியாக ஓடும். நியூட்ரலில் எவ்வளவு மிதித்தாலும் ஆர்பிஎம் சுத்தமாக ஏறும். பின்னால் சுமை ஏற்றிக்கொண்டு மேட்டில் மிதித்தால்தான் உதறல் வரும், கூடவே செக் இன்ஜின் விளக்கு மினுக்கும். அந்த விளக்கு நிலையாக எரிவதற்கும் மினுக்குவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. மினுக்கினால், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர் நடக்கிறது என்று அர்த்தம். உடனே காலை எடுத்துவிட வேண்டும்.

ஸ்கேனரில் வந்த கோளாறுக் கோடு (code) பி0304. பி0300 என்றால் எந்த சிலிண்டர் என்று குறிப்பிட முடியாத மிஸ்ஃபயர். கடைசி எண் வந்தால் அதுதான் சிலிண்டர், எனக்கு நான்காவது. (எது முதல் சிலிண்டர் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், மேனுவலைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.) இந்தக் கோடு உண்மையில் சொல்வது ரொம்பக் கொஞ்சம். ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது கிராங்க் (இன்ஜினின் சுழலும் முக்கியத் தண்டு) சற்று வேகமாகச் சுழலும். நான்காவதன் முறை வரும்போது அந்த வேகம் வரவில்லை என்று கிராங்க் சென்சார் வழியாகக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கிறது. ஏன் வரவில்லை என்பது அதற்குத் தெரியாது.

வேலைக்கு விட்ட இடத்தில் பிளக், காயில் இரண்டையும் மாற்றி, நின்ற இடத்திலேயே முறுக்கிப் பார்த்து "சரியாகிவிட்டது" என்று கொடுத்தார்கள். அடுத்த மேட்டிலேயே உதறியது. அதற்கு அப்புறம் நானே இறங்கினேன்.

முதலில் செய்தது, கோடை அழிக்காமல் ஃப்ரீஸ் ஃபிரேமைப் படம் எடுத்து வைத்தது. கோடு பதிவான நொடியில் இன்ஜின் எந்த நிலையில் இருந்தது என்பது அதில் இருக்கும். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். என்னுடையதில் கூலன்ட் நன்றாகச் சூடு, ஆர்பிஎம் 1,600 பக்கம், லோடு 80 சதவீதத்துக்கு மேல். சூடான இன்ஜின், குறைந்த வேகம், அதிக இழுவை. ஒவ்வொரு சோதனையின்போதும் இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டேன்.

நான்காவது காயிலை இரண்டாவதுக்கு மாற்றிப் போட்டு ஓட்டினேன். கோடு நான்கிலேயே நின்றது. பிளக்கை மாற்றிப் போட்டும் அதேதான். அடுத்து கிடைத்த தடயம்தான் வழியைத் திருப்பியது. நன்றாக உதறிய உடனே வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்து, அந்த பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. ஸ்பார்க் வராமல் போயிருந்தால் பெட்ரோல் எரியாமல் தங்கி பிளக் நனைந்திருக்கும், சைலன்சரிலும் பெட்ரோல் வாடை அடிக்கும். இரண்டுமே இல்லை. அப்படியென்றால் அந்த சிலிண்டருக்குப் பெட்ரோலே போகவில்லையோ?

ஃபியூயல் டிரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) நான்காவது சிலிண்டர் இருக்கும் பக்கம் மட்டும் பிளஸ்ஸில் ஏறியிருந்தது. இதை மட்டும் நம்பக் கூடாது. சிலிண்டர் எந்தக் காரணத்தால் எரியாமல் போனாலும் மிச்சமான ஆக்சிஜன் வெளியே வரும், ஆக்சிஜன் சென்சார் அதைப் பெட்ரோல் குறைவு என்றே படிக்கும். வேக்குவம் லீக் (எங்காவது ஓட்டை வழியாகக் கூடுதல் காற்று உள்ளே நுழைவது) என்றால் டிரிம் ஐடிலிங்கில்தான் அதிகமாக இருக்கும், ஆர்பிஎம் ஏற ஏறக் குறையும். எனக்கு அப்படி இல்லை.

பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை எடுக்க, காற்று போகும் இன்டேக்கைக் கழற்ற வேண்டியிருந்தது; அதனால் சிலிண்டர்களின் கம்ப்ரஷனையும் (உள்ளே உண்டாகும் அழுத்தம்) சேர்த்தே பார்த்தேன். ஆறும் 165 முதல் 175 பிஎஸ்ஐக்குள். நான்காவது இன்ஜெக்டரை ஆறாவதுடன் மாற்றிப் போட்டேன். மின்தடையைப் பார்த்தால் ஆறு இன்ஜெக்டர்களும் ஏறக்குறைய 12 ஓம்தான் காட்டின. எல்லாவற்றையும் பூட்டி ஓட்டினால் மறுபடி பி0304. மிச்சம் இருந்தது வயரும் கம்ப்யூட்டரும்தான்.

இன்ஜெக்டருக்கு வரும் இரண்டு வயரில் ஒன்றில் 12 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். மற்றதைக் கம்ப்யூட்டர் எர்த் செய்யும்போது இன்ஜெக்டர் திறக்கும். நின்ற வண்டியில் அந்தக் கன்ட்ரோல் வயரை மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் தொடர்பு நன்றாகவே இருந்தது. ஆனால் கோளாறு நின்ற வண்டியில் வருவதே இல்லையே. இழுக்கும் நிலையை உண்டாக்கித்தான் பார்க்க வேண்டும். எல்இடி டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும், மற்றதை மெல்லிய ஊசி வழியாகக் கனெக்டரின் பின்பக்கம் அந்தக் கன்ட்ரோல் வயரிலும் கொடுத்தேன். சக்கரங்களுக்குக் கட்டை, ஹேண்ட்பிரேக், நண்பர் பிரேக்கை முழுக்க மிதித்துக்கொண்டு டிரைவில் போட்டு லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்தார். சில நொடிகளுக்கு மேல் இதைச் செய்யக் கூடாது, கியர்பாக்ஸ் ஆயில் வேகமாகச் சூடேறும். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கவே கூடாது.

இன்ஜின் ஒரு பக்கமாகத் தூக்கியது. லேம்ப் மினுக்குவது நின்றது. காலை எடுத்ததும் இன்ஜின் உட்கார்ந்தது, லேம்ப் மறுபடி மினுக்கியது. அந்த நொடி எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

இன்ஜினுக்குப் பின்னால் வயரிங் கட்டு பாடியோடு கிளிப் போட்டுப் பிடித்திருக்கும் இடத்தில் உறையைப் பிரித்தேன். வயரின் மேல்தோலில் ஒரு கீறல்கூட இல்லை. மெல்ல இழுத்தால் மட்டும் ரப்பர் பேண்டு மாதிரி நீண்டது. உள்ளே செம்பு இழைகள் எல்லாம் அறுந்து, சும்மா ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. இன்ஜின் சாயும்போது அவை பிரிந்துவிடும். நியூட்ரலில் முறுக்கும்போது இன்ஜின் அவ்வளவு சாயாது, அதனால்தான் அங்கே எதுவும் தெரியவில்லை.

இன்ஜின் ஏன் அவ்வளவு சாய்ந்தது? இன்ஜினைத் தாங்கும் மவுண்டில் ஒரு பக்கத்து ரப்பர் கிழிந்திருந்தது. வயரை மட்டும் சரிசெய்து விட்டிருந்தால் கொஞ்ச நாளில் பக்கத்து வயர் அறுந்திருக்கும். கெட்ட பகுதியை வெட்டி எடுத்து, அதே கனமுள்ள வயரை கிரிம்ப் செய்து (அழுத்தி இணைத்து), உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) போட்டேன். கிளிப்பிலிருந்து இன்ஜின் வரை கொஞ்சம் தளர்வு விட்டுக் கட்டினேன். மவுண்டுகளை இரண்டு பக்கமும் மாற்றியாயிற்று.

பிறகு கோடை அழித்து, அதே சுமை, அதே மேடு, அதே ஆர்பிஎம்மில் ஓட்டினேன். ஸ்கேனரில் நான்காவது சிலிண்டரின் மிஸ்ஃபயர் எண்ணிக்கை சுழியத்திலேயே நின்றது. டிரிம் இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு இறங்கியது. டிரைவில் போடும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த 'டக்' சத்தமும் இப்போது இல்லை. அதுவும் அந்த மவுண்டால் வந்ததுதான்.