வலது பக்கப் பலகை

நவம்பர் 6, புதன்

அண்ணன் ஆடுவதற்கு, பழைய வீடியோ கேம் கடை மெஷினில் இருப்பது மாதிரி ஒரு பலகை செய்யப் போகிறேன். ஜாய்ஸ்டிக் இடது பக்கம். அதில் யோசிக்க ஒன்றுமில்லை, இடது கை நன்றாகவே இருக்கிறது. வலது கை விரல்கள் மடங்கி இறுகிவிட்டன, அதனால் வலது பக்கம்தான் எதுவும் முடிவாகாமல் கிடக்கிறது.

மத்தியானம் ஆஸ்பத்திரியில் அண்ணன் தூங்கும்போது டேப் வைத்து வலது கையை அளந்தேன். விரல்கள் மடங்கிய நிலையில் மணிக்கட்டிலிருந்து விரல் முட்டி வரை 4 அங்குலம், அகலம் 3½. கட்டைவிரல் உள்ளே மாட்டியிருக்கிறது. பக்கத்துக் கட்டில் பெரியவர் "சட்டை தைக்கவா தம்பி?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு டேப்பைச் சுருட்டி வைத்தேன்.

நவம்பர் 8, வெள்ளி

அட்டையில் வழக்கமான ஆறு பட்டனை வரைந்து பார்த்தேன். 30 மி.மீ. ஓட்டை, மையத்துக்கு மையம் 36 மி.மீ., இரண்டு வரிசை. 1991-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்ற சண்டை ஆட்டம் வந்த பிறகு பல பலகைகளுக்கும் இந்த ஆறு பட்டன்தான் கணக்கு. மேலே மூன்று குத்து, கீழே மூன்று உதை. ஒவ்வொரு விரலும் தனித்தனியாக அசையும் என்று நம்பிப் போட்ட கணக்கு அது.

அதற்கு முந்தைய மெஷின்கள் இப்படி ஒரே அச்சில் இல்லை. பேக்-மேன் (1980) ஜாய்ஸ்டிக்கை நடுவில் வைத்தது. எந்தக் கையாலும் ஆடலாம், ஆட்டத்துக்குள் பட்டனே வேண்டாம். ஆஸ்டிராய்ட்ஸில் (1979) ஜாய்ஸ்டிக்கே கிடையாது. இடப்பக்கம் திரும்ப, வலப்பக்கம் திரும்ப, முன்னே போக, சுட, மறைய என்று ஐந்து பட்டன், அவ்வளவுதான். அப்போதெல்லாம் ஆட்டத்தைப் பார்த்துப் பலகை செய்தார்கள். நான் கையைப் பார்த்துச் செய்யப் போகிறேன். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டால்தான் அந்த ஆறு பட்டன் படத்தை மூடி வைக்க முடிகிறது.

நவம்பர் 9, சனி

சுட்டுவிரல் அசைந்தது என்று அண்ணி சொன்னார். நான் போனபோது அசையவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் காந்தி வீதி முழுக்க நடந்தேன். பழைய கீபோர்டு, அறுந்த சார்ஜர், ரிமோட் எல்லாம் குவியலாகக் கிடந்தன. ஒன்பது பின் கனெக்டர்கள் ஒரு கட்டு வாங்கினேன். எதற்கு என்று தெரியாமலே வாங்கினேன்.

ராத்திரி படித்தது தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 1987-ல் வந்தபோது அதன் ஒரு வகை மெஷினில் ஆறு பட்டன் கிடையாது. ஆளுக்கு இரண்டு பெரிய ரப்பர் மெத்தை: ஒன்று குத்துக்கு, ஒன்று உதைக்கு. உள்ளே காற்றழுத்தம். எவ்வளவு பலமாக அடிக்கிறோமோ அவ்வளவு பலமாகத் திரையில் அடி விழும். கை வலித்ததாலும் மெத்தைகள் கிழிந்ததாலும் அதைக் கைவிட்டு ஆறு பட்டனுக்குப் போனார்கள்.

மடங்கிய முஷ்டிக்கென்றே ஒரு பட்டன் ஏற்கெனவே இருந்திருக்கிறது. எழுந்து போய் அட்டையில் வலது பக்கம் 100 மி.மீ. வட்டம் ஒன்று போட்டேன். அந்த அளவில் குவிந்த பெரிய பட்டன் ஆன்லைனில் கிடைக்கிறது. ஆர்டர் போட்டாச்சு.

நவம்பர் 13, புதன்

ஆசாரியிடம் மரம் பேசினேன். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) போடலாம், ஓட்டை சுத்தமாக விழும் என்றார். அது சரிதான். ஆனால் நம் ஊர்க் கடல் காற்றில் எம்.டி.எஃப். ஓரம் ஊதிக்கொள்ளும், ஒருமுறை ஊதினால் திருகு நிற்காது. ஈரம் தாங்கும் மரைன் ப்ளைவுட், 12 மி.மீ. என்று முடிவு செய்தோம். இந்தத் தடிமனுக்கு அழுத்தி மாட்டும் கிளிப் பட்டன் பிடிக்காது, அது மெல்லிய இரும்புத் தகட்டுக்கானது. அடியில் நட் போட்டு முறுக்கும் வகைதான் வேண்டும். கடைக்காரர் கிளிப் வகையைத்தான் "எல்லாத்துக்கும் வரும் சார்" என்று தலையில் கட்டப் பார்த்தார்.

வட்ட ஓட்டை போடும் ஹோல் சா மேலிருந்து பாதி, திருப்பிப் போட்டு அடியிலிருந்து பாதி. அப்போதுதான் சிம்பு தெறிக்காது. ஆசாரிக்கு இதெல்லாம் சொல்ல வேண்டியதில்லை, அவர்தான் எனக்குச் சொன்னார்.

நவம்பர் 15, வெள்ளி

அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார்.

நவம்பர் 17, ஞாயிறு

நாற்காலியில் உட்கார்ந்து முழங்கையை மடக்கினால் தரையிலிருந்து 26 அங்குலம். நின்று ஆடும் மெஷின் உயரம் எதுவும் உதவாது. பலகை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும், அடியில் முட்டி இடிக்கக் கூடாது, வலது முன்கை முழுக்கத் தாங்கப்பட வேண்டும். தாங்காவிட்டால் தோள் கீழே இழுக்கிறது, அண்ணன் முகம் மாறுகிறது.

பெரிய பட்டன் வந்தது. அண்ணியின் டிஜிட்டல் தராசின் மேல் வைத்து, அடியில் இருக்கும் மைக்ரோசுவிட்ச் "டிக்" என்று சொல்லும் வரை அழுத்தி எடையைப் படித்தேன். நடுவில் அழுத்தினால் லேசு. ஓரத்தில் அழுத்தினால் குவிந்த மூடி சாய்ந்து மாட்டிக்கொள்கிறது, இரண்டு மடங்கு எடை கேட்கிறது. அண்ணன் முஷ்டி ஓரத்தில்தான் விழுகிறது. கை மேலிருந்து நேராக இறங்குவதில்லை, தோளிலிருந்து வளைந்து வருகிறது. பட்டனை உடம்புப் பக்கம் சாய்த்து வைத்தால் நடுவில் விழுமா?

சாய்த்துப் பார்த்தோம். விழுந்தது. அண்ணன் திரும்பத் திரும்ப அடித்தார். "போதும்"னு சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"தம்பி, தராசு எப்போ குடுப்பீங்க? கேக்குக்கு மாவு அளக்கணும்" என்று அண்ணி கேட்டுக்கொண்டே இருந்தார்.

நவம்பர் 19, செவ்வாய்

பிசியோ மேடம் பார்த்தார். பட்டனைப் பார்த்தார், அண்ணன் அடிப்பதைப் பார்த்தார், கையைப் பிடித்து நிறுத்தினார்.

"முஷ்டியால குத்த விடாதீங்க சார். இறுக்கம்தான் கூடும். கை விரிஞ்சு, உள்ளங்கை படிஞ்சு, அதுமேல வெயிட் போடணும். அதைத்தான் நாம பழக்குறோம்."

சரி மேடம் என்றேன்.

நவம்பர் 20, புதன்

பட்டனை அலமாரி மேலே வைத்துவிட்டேன். இன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

அண்ணனிடம் உள்ளங்கைப் பலகை பற்றிச் சொன்னேன். அகலமான தட்டு, கை படுத்திருக்கும், அழுத்தினால் அடி விழும். கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கடையில இருந்த மாதிரி வைடா."

"அண்ணே, இப்போதைக்கு..."

"நோயாளிக்குச் செஞ்சது மாதிரி இருந்தா நான் தொட மாட்டேன்."

அந்த வீடியோ கேம் கடையில் மூன்று பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஆடுவோம். காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ், கேப்காம், 1993. எங்களுக்கு அது முஸ்தபாதான். மஞ்சள் தொப்பிக்காரன், எல்லோரையும் விட வேகமாக ஓடுவான். அண்ணன் இருந்தால் வேறு யாருக்கும் முஸ்தபா கிடையாது. ஒரு ஜாய்ஸ்டிக், அடிக்க ஒன்று, குதிக்க ஒன்று. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் சுற்றி நிற்கிறவன் எல்லாம் பறப்பான், நம் உயிரிலும் கொஞ்சம் குறையும். அண்ணன் கடைசி உயிரில்கூட அதை அடிப்பார். நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்துவேன்.

அவர் கேட்பது நியாயம். மேடம் சொல்வதும் நியாயம். இன்றைய கைக்குச் செய்தால் நாளைய கைக்கு ஆகாது. நாளைய கைக்குச் செய்தால் இன்று ஆட முடியாது.

நவம்பர் 24, ஞாயிறு

விடிகாலையில் வந்த யோசனை. வலது பக்கத்தை அறுத்து எடுத்துவிட வேண்டும்.

மூலப் பலகையில் 8-க்கு 10 அங்குல ஜன்னல். சுற்றிலும் அடியில் ஒரு விளிம்பு. அந்த ஜன்னலில் உட்காரும் தட்டுகள் தனி. முதல் தட்டு உள்ளங்கைக்கு. அடுத்தது 60 மி.மீ. பட்டன் இரண்டு, விரல்கள் கொஞ்சம் திறந்த பிறகு. கடைசித் தட்டு கடை மெஷின் தோற்றத்தில் அந்த ஆறு பட்டன். நான்கு மூலையிலும் விங் நட், ஸ்பேனர் இல்லாமல் கழற்றலாம். எல்லாத் தட்டும் ஒரே கனெக்டர்: ஆறு பட்டனுக்கு ஆறு ஒயர், பொதுவாக ஒரு கிரவுண்டு, மொத்தம் ஏழு. ஒன்பது பின்னில் தாராளமாக அடங்கும். சண்டே மார்க்கெட்டில் வாங்கியதற்கு வேலை வந்துவிட்டது.

ஆறு பட்டன் தட்டை முதலில் செய்யச் சொன்னேன். மேலே கறுப்பு சன்மைக்கா, சிவப்பு பட்டன். ஆசாரி அரத்தால் ஓரம் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, சாயங்காலமே கொடுத்துவிட்டார். அதை ஜன்னலில் மாட்டி அண்ணன் முன்னால் வைத்தேன். இடது கையால் ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்த்தார். அப்புறம் "சரி, இப்ப உன் தட்டைக் காட்டு" என்றார்.

நவம்பர் 27, புதன்

ஒயரிங். பட்டன்களைக் கம்ப்யூட்டரோடு இணைக்க ப்ரோ மைக்ரோ என்ற சின்ன போர்டு. அது கம்ப்யூட்டருக்குக் கீபோர்டு போலத் தன்னைக் காட்டிக்கொள்ளும், தனியாக டிரைவர் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு பின்னையும் போர்டுக்குள் இருக்கும் ரெசிஸ்டரே உயர்ந்த வோல்டேஜில் பிடித்து வைக்கும்படி நிரலில் சொல்லியிருக்கிறேன். பட்டன் அழுந்தினால் பின் கிரவுண்டைத் தொடும், எழுத்து போகும். பழைய கடை ஆட்டங்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மேம் (MAME) மென்பொருளில் முதல் பட்டன் கன்ட்ரோல், இரண்டாவது ஆல்ட், காசு போட 5, தொடங்க 1. காசு பட்டன் முன்பக்கம் இருக்க வேண்டும் என்பது அண்ணன் உத்தரவு. "காசு போடாம எப்படிடா ஆடுறது?"

இரண்டையும் சேர்த்து அழுத்தும் அந்த அடிக்கு, ஒரே பின் அழுந்தினால் கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்து போகிற மாதிரி நிரலில் எழுதிவிட்டேன். ஒயரில் ஒட்டுப்போட்டால் இரண்டு பட்டனும் ஒன்றோடொன்று கலந்துவிடும், நிரலில் செய்தால் அந்தத் தொல்லை இல்லை.

உள்ளங்கைத் தட்டில் வேறு சிக்கல். கை சும்மா படுத்திருக்கும் எடையிலேயே சுவிட்ச் அழுந்திவிடுகிறது. இத்தனை நாளும் லேசான சுவிட்ச் தேடிக்கொண்டிருந்தேன், இப்போது கனமான ஸ்பிரிங் தேட வேண்டும். மறுபடியும் தராசு. முன்கை தாங்கலில் இருக்கும்போது கையின் எடை 400 கிராம் பக்கம். அண்ணன் வேண்டுமென்றே அழுத்தினால் 900-ஐத் தாண்டுகிறது. ஸ்பிரிங் இதற்கு நடுவில் விட்டுக்கொடுக்க வேண்டும். கீல் விரல் நுனிப் பக்கம், இறங்குவது மணிக்கட்டுப் பக்கம். தோளிலிருந்து வரும் பலம் அங்கேதான் விழுகிறது.

நவம்பர் 29, வெள்ளி

புயல் நம் பக்கம்தான் வருகிறதாம், ஃபெஞ்சல் என்று பெயர். லீவு விட்டாச்சு. பலகையை பாலித்தீனில் சுற்றிப் பரண்மேல் ஏற்றினேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

நேற்று ராத்திரி கரை கடந்தது. கடந்து போகவில்லை, தலைக்கு மேலேயே நின்றுவிட்டது. ஒரே நாளில் 46 செ.மீ. மழை. கிருஷ்ணா நகரில் ராணுவம் படகு விட்டு ஆட்களை ஏற்றுகிறது. லாஸ்பேட்டை மேட்டில் இருப்பதால் எங்கள் தெருவில் கணுக்கால் அளவோடு நின்றது. கரண்ட் இல்லை. அண்ணன் மாத்திரை செவ்வாய் வரை இருக்கிறது.

டிசம்பர் 3, செவ்வாய்

மருந்துக் கடை திறந்திருந்தது. மாத்திரை கிடைத்தது.

மேடம் வர முடியவில்லை. கரண்ட் இல்லாவிட்டால் என்ன, மைக்ரோசுவிட்ச் கரண்ட் இல்லாமலும் "டிக்" சொல்லும். பலகையை இறக்கி அண்ணன் முன்னால் வைத்தேன். அண்ணி விரல்களை ஒவ்வொன்றாக நீட்டித் தட்டில் படிய வைத்து வெல்குரோ பட்டையைக் கட்டினார். கட்டைவிரல் மட்டும் உள்ளே போகப் பார்த்தது, அதற்கு ஒரு சின்ன ரப்பர் கட்டையை முட்டுக் கொடுத்தோம். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அண்ணன் அழுத்தினார். டிக். கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டு இன்னொரு டிக். முதல் சத்தத்துக்கு அண்ணி அழுதுவிட்டார். நான் ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசிச் சமாளித்தேன்.

எம்.டி.எஃப். போட்டிருந்தால் இந்த ஈரத்தில் போயிருக்கும். ப்ளை அப்படியே இருக்கிறது.

டிசம்பர் 5, வியாழன்

கரண்ட் வந்தது. காசு பட்டன், ஸ்டார்ட், முஸ்தபா.

ஓடுகிறார்! இடது கைக்கு மறக்கவே இல்லை. முன்னால் இரண்டு தட்டு தட்டினால் ஓட்டம், ஓட்டத்தில் உள்ளங்கை அழுத்தினால் அடி. அடி தாமதமாக விழுகிறது, அதற்குள் இரண்டு பேர் குத்திவிடுகிறார்கள். அண்ணன் அதற்கேற்ப முன்கூட்டியே அழுத்தக் கற்றுக்கொண்டார். முதல் கட்டத்தின் பெரிய வில்லனிடம் தோற்றார்.

"குதிக்கிறது எங்கடா?"

டிசம்பர் 7, சனி

குதிப்பதற்கு கால் பெடல் வைக்கலாம் என்றேன். தலையாட்டி மறுத்தார். வலது தட்டில் இன்னொரு மடிப்பு வைத்தால் எந்தப் பக்கம் அழுத்தம் விழும் என்று சொல்ல முடியாது, இரண்டும் சேர்ந்தே அழுந்தும். கடைசி உயிரில் அடிக்கும் அடி அப்படித் தற்செயலாக விழக் கூடாது, அண்ணன் நினைத்து அடிக்க வேண்டும்.

மீதி இருப்பது இடது கை. ஜாய்ஸ்டிக் தண்டை அவர் விரல்களுக்கு நடுவில் கீழிருந்து ஏந்திப் பிடிக்கிறார், கட்டைவிரல் மேலே சும்மா இருக்கிறது. ஸ்டிக்கின் வலப்பக்கம், கட்டைவிரல் எட்டும் தூரத்தில் 24 மி.மீ. பட்டன் ஒன்று. ஸ்டிக் முழுக்க வலது போகும்போது உருண்டை அதில் இடிக்கக் கூடாது. அட்டையில் வட்டம் போட்டுக் கட்டைவிரலை வைக்கச் சொன்னேன். எட்டுகிறது. இன்னும் 5 மி.மீ. கீழே இறக்கச் சொல்கிறார்.

ஆசாரியிடம் 24 ஹோல் சா இருக்கிறதா என்று காலையில் கேட்க வேண்டும்.