காலையில் மட்டும் அடம்பிடிக்கும் கெப்

மாங்குளத்தில் வாங்கிய பழைய டீசல் கெப் (பிக்கப் வாகனம்), காலையில் பத்துத் தடவை செல்ஃப் அடித்தால்தான் ஸ்ரார்ட். சூடாகிவிட்டால் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிறுத்தித் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாலும் உடனே எடுக்கும்.

குளிர்ந்த எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்தான் பழுது என்று நினைத்தேன். நாலையும் கழற்றி பற்றரியில் வைத்தால் நுனி சிவக்கிறது, அதில் பழுதில்லை. ஒரு கராஜில் டீசல் பம்பையே இறக்கவேண்டும் என்றார்கள். சொன்ன விலைக்கு மாடு வாங்கலாம்.

பக்கத்து வளவு அண்ணை உழவு இயந்திரத்தோடு வளர்ந்த மனிசன். ஒரு கேள்விதான் கேட்டார்: "தம்பி, செல்ஃப் அடிக்கேக்க புகை வருதோ?" இல்லை. "அப்ப டீசலே போகேல்லை." வெள்ளைப் புகை வந்து டீசல் மணத்தால்தான் பிளக்கைச் சந்தேகிக்கவேண்டுமாம். டீசல் பில்ற்றருக்கு மேலிருக்கும், டீசலைக் கையால் ஏற்றும் பம்பை அமுக்கினார். முதலில் பஞ்சுபோல இறங்கி, இருபது அமுக்கில் இறுகியது. ஒரே அடியில் ஸ்ரார்ட்!

அப்புறம் பில்ற்றருக்கு முன்னால் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் ஒரு சாண் போட்டுப் பார்த்தோம். குமிழ் குமிழாகக் காற்று. தாங்கியிலிருந்து வரும் இறப்பர் ஹோஸில், கிளிப்புக்கு அடியில் மயிரளவு வெடிப்பு. அதுவழியே காற்றுப் புகுந்து, இராவில் டீசல் தாங்கிக்கே திரும்பிவிடும். பம்ப் டீசலை உறிஞ்சும் பக்கம் என்பதால் வெளியே ஒரு சொட்டும் ஒழுகவில்லை, அதுதான் ஏமாந்தேன்.

அண்ணை காசு வாங்கவில்லை. நாளைக்கு நெல்லு மூட்டை ஏற்றக் கெப் கேட்டிருக்கிறார்.