பாக்ஸ் போடுகிறாயா?

தென் அமெரிக்காவில் இருக்கும் கயானாவின் தலைநகர் ஜார்ஜ்டவுனில் குடியேறிய மூன்றாவது வாரம். வீட்டுக்கார ஆன்ட்டி மாடிப்படியில் நின்றுகொண்டு "கியேல், யூ த்ரோயிங் பாக்ஸ்?" என்று கேட்டார். ஊரிலிருந்து கொண்டுவந்த அட்டைப்பெட்டிகள் வாசலில் குவிந்து கிடந்தன. அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, நாளைக்கு எறிந்துவிடுகிறேன் ஆன்ட்டி என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது, அங்கிருந்து இன்னொரு ஆன்ட்டி எட்டிப்பார்த்து என்ன விஷயம் என்று கேட்க, இவர் விளக்க, இருவரும் சேர்ந்து மறுபடியும் சிரித்தார்கள்.

பாக்ஸ் என்றால் சீட்டு. முழுப்பெயர் பாக்ஸ் ஹேண்ட். நம் ஊர் சீட்டேதான், ஆனால் ஏலம் கிடையாது, தள்ளுபடி கிடையாது. பன்னிரண்டு பேர், மாதம் ஆளுக்கு பத்தாயிரம் கயானா டாலர் (பயப்பட வேண்டாம், ஐம்பது அமெரிக்க டாலர்கூட வராது), முறை வரும்போது மொத்தத்தையும் ஒருவர் எடுத்துக்கொள்வார். அந்த முறைக்குத்தான் 'ஹேண்ட்' என்று பேர். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு கடல் தாண்டி வந்த பழக்கம் இது. டிரினிடாடில் இதையே சூசூ என்கிறார்கள்.

என் கணவரின் வேலைக்காக இரண்டு வருஷம் கயானாவில் இருந்தோம். கிளம்புவதற்கு முன் அந்த நாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கிரிக்கெட்டும், சமீபத்தில் கிடைத்த எண்ணெயும்தான். போன பிறகு யாரைக் கேட்டாலும் முதலில் சொன்னது: இங்கே இரண்டு இனம், இரண்டு கட்சி, ஒருவரை ஒருவர் நம்பமாட்டார்கள், ஜாக்கிரதை. பொய்யில்லை. 2012 கணக்கெடுப்பில் இந்திய வம்சாவளி 39.8 சதவீதம், ஆப்பிரிக்க வம்சாவளி 29.3, கலப்பினத்தவர் ஏறக்குறைய 20, அமெரிந்தியர் என்று அங்கே சொல்லப்படும் பூர்வகுடிகள் பத்து சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். அப்போது மொத்த ஜனத்தொகையே ஏழரை லட்சம்தான். தேர்தல் வந்தால் வோட்டு பெரும்பாலும் இந்தக் கோட்டின்படியே பிரியும்.

ஆனால் ஆன்ட்டியின் சீட்டில் அந்தக் கோடு இல்லை. நடத்துபவர் இந்திய வம்சாவளி. பக்கத்து வீட்டு ஆன்ட்டி, ஓய்வுபெற்ற நர்ஸ், ஆப்பிரிக்க வம்சாவளி. போர்டா மார்க்கெட்டில் காய்கறி விற்கும் இரண்டு பேர், ஒரு பள்ளி ஆசிரியை (தன்னை 'டூக்லா' என்று சொல்லிக்கொள்வார், அம்மா கறுப்பு, அப்பா இந்தியர்), தெற்கே ருபுனுனியிலிருந்து நகரத்துக்கு வீட்டுவேலைக்கு வந்த, வாப்பிஷான் என்கிற பூர்வகுடியைச் சேர்ந்த ஒரு பெண், அப்புறம் நான். எல்லோரும் பெண்கள். ஏன் ஆண்கள் இல்லை என்று கேட்டேன். "ஹேண்ட் வாங்கிய மறுமாசம் ஆளைக் காணாது" என்றார் நர்ஸ் ஆன்ட்டி. அத்தோடு பேச்சு முடிந்தது.

இதைப் படித்ததும் ஆஹா, பெண்கள் எல்லாம் ஒற்றுமையாக இருக்கிறார்கள், ஆண்கள்தான் சண்டை போடுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படியெல்லாம் இல்லை. நர்ஸ் ஆன்ட்டி இல்லாதபோது வீட்டுக்கார ஆன்ட்டி "அந்த ஆட்கள்" என்று ஆரம்பித்து பேசியதைக் கேட்டிருக்கிறேன். நான் மட்டும் இருக்கும்போது நர்ஸ் ஆன்ட்டி "கூலி ஆட்களுக்கு காசுதான் சாமி" என்றார், பிறகு நானும் இந்தியாக்காரி என்பது நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். பாசம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது, ஆனால் சீட்டு அதனால் ஓடவில்லை. யார் மாசம் தவறாமல் பணம் வைப்பார், யார் வைக்கமாட்டார் என்கிற கணக்கால் ஓடியது.

இரண்டு பக்கமும் ஒருவரைப் பற்றி ஒருவர் வைத்திருக்கும் சித்திரம் இன்னும் வேடிக்கை. கறுப்புப் பெண் என்றால் தைரியசாலி, சம்பாதிப்பாள், யாருக்கும் அடங்கமாட்டாள். இந்தியப் பெண் என்றால் அடக்கம், வீட்டோடு இருப்பாள், புருஷன் பேச்சைத் தட்டமாட்டாள். இதை இரு தரப்பும் நம்புகிறார்கள், பாதி பெருமையோடு, பாதி குத்தலோடு.

வரலாற்றைப் பார்த்தால் இந்த இரண்டாவது சித்திரம் நிற்கவே நிற்காது. 1838 முதல் 1917 வரை ஏறத்தாழ 2,39,000 இந்தியர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக கயானாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். நூறு ஆணுக்கு நாற்பது பெண்ணாவது ஏற்ற வேண்டும் என்று பின்னாளில் விதி போடவேண்டி வந்தது, ஏனென்றால் ஆரம்பத்தில் அதுகூட இல்லை. வந்த பெண்களில் பலர் தனியாக வந்தவர்கள். விதவைகள், கைவிடப்பட்டவர்கள், ஓடிவந்தவர்கள். கப்பலிலிருந்து இறங்கியதும் களைபிடுங்கும் கூட்டத்தில், வீடிங் கேங் என்பார்கள், கத்தியோடு வயலில் இறக்கிவிடப்பட்டார்கள், ஆணைவிடக் குறைந்த கூலிக்கு. பெண்கள் குறைவு என்பதால் ஒருத்தனை விட்டு இன்னொருத்தனோடு போக அவர்களுக்கு ஒரு வழி இருந்தது. அப்படிப் போனவர்களை, போய்விடுவார்கள் என்று சந்தேகப்பட்டவர்களைக்கூட, கரும்பு வெட்டும் கத்தியாலேயே வெட்டிக் கொன்ற வழக்குகள் அந்தக் காலத்து ஆவணங்களில் அத்தனை இருக்கின்றன. ஒப்பந்தம் முடிந்து, நிலம் வாங்கி, நெல் போட்டு, குடும்பம் கொஞ்சம் தலைநிமிர்ந்த பிறகுதான் 'வீட்டோடு இருக்கும் பெண்' வருகிறாள். அப்போதும் அவள் நாற்று நட்டாள், மாடு பார்த்தாள், கூலி மட்டும் இல்லை. ஆக, அடக்கமான இந்தியப் பெண் என்பவள் கப்பலில் வந்தவள் இல்லை, இங்கே வந்த பிறகு வசதி பார்த்துச் செய்யப்பட்டவள். இதை ஆன்ட்டியிடம் சொன்னேன். அவருடைய பாட்டி வீடிங் கேங்கில் இருந்தவர்தான். "அதெல்லாம் கஷ்டகாலம்" என்றார், ஏதோ குடும்பத்தில் நடந்த தப்பைச் சொல்வதுபோல.

டெமரேரா ஆற்றுக்கு மேற்கே லியோனோரா என்று ஒரு ஊர். 1964 மார்ச் 6-ம் தேதி, கரும்புத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது பெண்கள் ஒரு பாலத்தில் உட்கார்ந்து வழிமறித்தார்கள். அவர்கள் மேலேயே டிராக்டர் ஓட்டப்பட்டது. கௌசில்லா என்ற தொழிலாளிப் பெண் செத்துப்போனார். அடக்கமான இந்தியப் பெண்ணாம்!

அதே வருஷம் மே மாதம் இனக்கலவரத்தில், விஸ்மார் என்ற ஊரில் இந்தியக் குடும்பங்களின் வீடுகள் கொளுத்தப்பட்டன, பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் ஆற்றுவழியாக ஜார்ஜ்டவுனுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். வேறு ஊர்களில் கறுப்பினத்தவர் கொல்லப்பட்டார்கள். அறுபது வருஷம் ஆகிவிட்டது, ஆனால் சீட்டில் இருந்த ஒரு மார்க்கெட் ஆன்ட்டி மே மாதம் வந்தால் சரியாகப் பேசமாட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை, நர்ஸ் ஆன்ட்டிதான் மெதுவாகச் சொன்னார்.

சரி, மாவுக் கதைக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 1982-ல் அப்போதைய ஜனாதிபதி பர்ன்ஹாமின் அரசாங்கம் கோதுமை மாவு இறக்குமதியைத் தடைசெய்தது. அந்நியச் செலாவணி இல்லை, உள்ளூர் அரிசி மாவைச் சாப்பிடுங்கள் என்று. வீட்டில் கோதுமை மாவு வைத்திருந்தால் குற்றம். இந்துக்களுக்கு ரொட்டி போச்சு, பூஜைப் பிரசாதம் போச்சு. கறுப்பினத்தவருக்கு பிரெட்டும் கேக்கும் போச்சு. அரசாங்கம் ஆண்களுடையது, அடுப்பு பெண்களுடையது, ஆகவே அடி நேராக இவர்கள் தலையில் விழுந்தது. சுரினாமிலிருந்து ஆறு தாண்டி மாவு கடத்தினார்கள், டிரினிடாடுக்கு சூட்கேஸோடு போய்வந்து வியாபாரம் செய்தார்கள். எங்கள் ஆன்ட்டியின் மகள் கல்யாணத்துக்கு வேண்டிய மாவு தலையணை உறைக்குள் தைக்கப்பட்டு வந்ததாம். கொண்டுவந்து கொடுத்தவர் யார் தெரியுமா? ஜன்னலில் எட்டிப்பார்த்தாரே, அந்த நர்ஸ். அதற்குக் காசு வாங்கினார். நல்ல காசு. அதை ஆன்ட்டி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

இந்தத் தட்டுப்பாட்டுக் கால அனுபவத்திலிருந்து வந்ததுதான் ரெட் த்ரெட் என்கிற அமைப்பு, 1986-ல். ஆண்டையே என்ற கறுப்பினப் பெண்ணும் அவருடைய தோழிகளும் ஆரம்பித்தது. முதலில் செய்தது எம்பிராய்டரி. ஊர் ஊராகப் போய், இந்தியப் பெண்களையும் கறுப்பினப் பெண்களையும் சேர்த்து, பூவேலை செய்து விற்று வருமானம் பார்ப்பது. ஒற்றுமையாக இருங்கள் என்று பிரசங்கம் செய்திருந்தால் ஒருத்தியும் வந்திருக்கமாட்டாள். பின்னாளில் அவர்கள் செய்த இன்னொன்று எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. எல்லா இனத்துப் பெண்களிடமும், எழுந்ததிலிருந்து படுக்கும்வரை எந்த நேரத்தில் என்ன வேலை என்று நாட்குறிப்பு எழுதவைத்தார்கள். தண்ணீர் பிடிப்பது, துவைப்பது, பிள்ளையைப் பார்ப்பது, நடுவில் ஏதாவது விற்பது. எழுதிப் பார்த்தால் கறுப்பியின் நாளும் இந்தியப் பெண்ணின் நாளும் கிட்டத்தட்ட ஒன்று. பிரசங்கம் செய்யாததை மணிக்கணக்கு செய்தது.

பூர்வகுடிப் பெண்ணின் நாள் மட்டும் இன்னும் நீளம். எங்கள் வாப்பிஷான் தோழி விடுமுறையில் ஊருக்குப் போய்வந்தபோது ஒரு பாட்டில் கசரீப் கொண்டுவந்தார். கசப்பு மரவள்ளியைத் துருவி, மட்டப்பீ என்கிற நீளமான பின்னல் குழாயில் திணித்து, தொங்கவிட்டு இழுத்தால் சாறு இறங்கும். அந்தச் சாறு விஷம். அதை மணிக்கணக்காகக் காய்ச்சினால் விஷம் போய், கறுப்பான பாகு வரும். அதில் இறைச்சியைப் போட்டுச் செய்வதுதான் பெப்பர்பாட். கிறிஸ்துமஸ் காலையில் கயானாவில் பெரும்பாலான வீடுகளில் அதுதான், எந்த இனமானாலும். நாடே வருஷத்துக்கு ஒருமுறை இந்தப் பெண்களின் கைவேலையைச் சாப்பிடுகிறது, ஆனால் அவரை நகரத்தில் முதலாளி வீட்டில் 'பக் கேர்ல்' என்று கூப்பிடுவார்கள், அது வசைச்சொல். சீட்டில்கூட அவருக்கு முதல் ஹேண்ட் கொடுக்க இரண்டு பேர் தயங்கினார்கள். ஊருக்குப் போனால் திரும்பி வருவாளா என்று.

கல்யாணங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்கே தூக்கம் வராது. இந்து வீட்டில் கல்யாணத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை ராத்திரி மட்டிகோர். தாசா மேளம் முன்னால் போக, பெண்கள் ஊர்வலமாகப் போய் மண் எடுத்து வருவார்கள். மேளக்காரர்களைத் தவிர ஆண்களுக்கு வேலையில்லை. திரும்பி வந்ததும் ஆட்டம். அடக்கமான மாமியார்கள் ஆடும் ஆட்டத்தையும் பாடும் பாட்டையும் இங்கே எழுதமுடியாது. முதலிரவில் என்னென்ன என்பதற்கு அபிநயத்தோடு பாடம்! கறுப்பினத்தவர் வீட்டில் இதற்கு க்வே-க்வே என்று பேர். மணப்பெண்ணை ஒளித்துவைப்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், வட்டமாக நின்று தரை அதிர மிதித்துப் பாடுவார்கள், பாட்டு அதே விஷயம்தான். ஆன்ட்டியின் பேத்தி மட்டிகோரில் நர்ஸ் ஆன்ட்டி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு (ஆமாம், புடவை கட்டி வந்திருந்தார்) ஆடியபோது, தாசாக்காரன் வெட்கப்பட்டு மேளத்தை நிறுத்திவிட்டான்.

நம் ஆட்களும் அங்கே போயிருக்கிறார்கள். மதராஸ் துறைமுகத்திலிருந்து போனவர்கள் மொத்தத்தில் சிறுபான்மை, இன்றும் அவர்களை மெட்ராசி என்றுதான் சொல்கிறார்கள். பேச்சுத்தமிழ் போய்விட்டது, காளிமாய் கோயிலில் மட்டும் மிச்சம். தப்பு, உடுக்கை, கரகம் எல்லாம் அதே பேரில். சாமி வந்து குறி சொல்பவரை 'மார்லோ' என்பார்கள், நம் மருளாடிதான். நான் போன அன்று மருள் வந்து நின்றது ஒரு பெண், பகலில் மார்க்கெட்டில் மீன் விற்பவர். வேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற ஆண்களைத் திட்டித் தீர்த்தார், குடியைப் பற்றி, அடியைப் பற்றி. அவர்களும் கைகட்டிக் கேட்டார்கள். குடும்ப வன்முறைக்கு எதிராக 1996-லேயே சட்டம் வந்துவிட்டது. இருந்தாலும் அந்த வரிசையில் நின்ற மனைவிகள் மீன்காரம்மாவிடம்தான் வந்தார்கள்.

மேல்மட்டத்தில் பெண்கள் இல்லாமல் இல்லை. 1953 தேர்தலிலேயே மூன்று பெண்கள் ஜெயித்தார்கள். அதில் ஒருவர், சிகாகோவில் பிறந்த வெள்ளைக்காரப் பெண் ஜேனட் ஜகன், 1997-ல் ஜனாதிபதியானார், பதவியேற்பைத் தடுக்கும் கோர்ட் உத்தரவைக் கொடுத்தபோது அதைத் தோளுக்குப் பின்னால் வீசியெறிந்தார். டிசைரி பெர்னார்ட் தலைமை நீதிபதியாக இருந்தார். வேட்பாளர் பட்டியலில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்கவேண்டும் என்றும் சட்டம் உண்டு. எங்கள் பாட்டம் ஹவுஸில், அதாவது தூண்மேல் நிற்கும் வீட்டுக்கு அடியில் ஊஞ்சல்துணி கட்டிய அந்த இடத்தில், இதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. எண்ணெய்ப் பணம் வந்து தக்காளி விலை ஏறியதைப் பற்றி தினமும் பேசுவார்கள்.

எனக்கு ஆகஸ்டில் ஹேண்ட் என்று எழுதியிருந்தது. ஜூனில் கிளம்பவேண்டி வந்தது. ஆன்ட்டி நோட்டைப் புரட்டினார், பென்சிலால் என் பெயரை அடித்து மே மாதத்தில் எழுதினார், அங்கே இருந்த வாப்பிஷான் தோழியின் பெயரை ஆகஸ்டுக்குத் தள்ளினார். அவளைக் கேட்டீர்களா என்றேன். "அவள்தான் சொன்னாள்" என்றார், "ஆனால் மிச்ச மாசப் பணத்தை இப்போதே வைத்துவிட்டுப் போ, ஊருக்குப் போனவர்களை நான் நம்பமாட்டேன்."