1453-க்கு முன்பே தொடங்கிவிட்ட மறுமலர்ச்சி

ஐரோப்பிய மறுமலர்ச்சிக்குக் காரணம் என்ன என்று நம் ஊரில் பள்ளி வரலாறு படித்த யாரைக் கேட்டாலும், பெரும்பாலும் ஒரே விடைதான் வரும். 1453இல் துருக்கியர் கான்ஸ்டான்டிநோபிளைக் கைப்பற்றினர். அங்கிருந்த கிரேக்க அறிஞர்கள் தங்கள் சுவடிகளுடன் இத்தாலிக்குச் சென்றனர். அதனால் கலையும் கல்வியும் தழைத்தன. தேர்வுத்தாளில் இதற்கு முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் காலவரிசையை மட்டும் எடுத்துப் பார்த்தால்கூட இந்த விடை நிற்காது. புளோரன்ஸ் பேராலயத்தின் மேல் புருனெல்லெஸ்கி எழுப்பிய மாபெரும் குவிமாடம் 1436இலேயே முடிந்துவிட்டது. ஓவியத்தில் ஆழத்தைக் கணக்கிட்டு வரைந்து காட்டிய மசாச்சியோ 1428இல் இறந்துவிட்டார். போப்பாண்டவருக்கு மேற்கு ரோமப் பேரரசையே பேரரசர் கான்ஸ்டன்டைன் எழுதிக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட பத்திரம் போலி என்பதை, அதன் லத்தீன் நடையைக் கொண்டே லொரென்சோ வல்லா நிறுவியது 1440இல். மகன் பிறந்த பிறகு தந்தைக்குத் திருமணம் செய்துவைப்பது போல, இவ்வளவும் நடந்து முடிந்த பின் வந்த ஒரு நிகழ்ச்சியை நாம் காரணமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் எங்கிருந்து தொடங்கியது? என்னைக் கேட்டால், ஓவியக்கூடங்களிலிருந்தோ அரண்மனைகளிலிருந்தோ அன்று, தேவாலயங்களிலும் மடங்களிலும் கிடந்த பழைய தோல்சுவடிகளைத் தேடிப் படியெடுத்தவர்களிடமிருந்துதான் தொடங்குவேன். கவிஞர் பெட்ரார்க் 1345இல் வெரோனா பேராலயத்தின் நூலகத்தில், ரோமானியப் பேச்சாளர் சிசரோ தம் நண்பர் அட்டிகஸுக்கு எழுதிய கடிதங்களைக் கண்டெடுத்துத் தம் கையாலேயே படியெடுத்தார். தத்துவம் பேசிய பெரியவராகத் தாம் வணங்கிவந்த சிசரோ, அக்கடிதங்களில் அரசியல் சூழ்ச்சிகளிலும் மனக்குழப்பத்திலும் உழலும் சாதாரண மனிதராகத் தெரிந்ததும் பெட்ரார்க்குக்கு வருத்தம் தாளவில்லை. இறந்து பதின்மூன்று நூற்றாண்டுகள் கடந்துவிட்ட அந்த மனிதருக்கே கடிதம் எழுதித் தம் மனக்குறையைச் சொன்னார். இடைக்கால அறிஞர்கள் சிசரோவைப் படிக்காதவர்கள் அல்லர். ஆனால் அவருடன் இப்படிச் சண்டை போடலாம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. அதே பெட்ரார்க்கிடம் கிரேக்க மொழியில் ஹோமரின் காவியம் ஒன்றும் இருந்தது. அவருக்கோ கிரேக்கம் படிக்க வராது.

அந்தக் குறையைப் போக்கியவர் கொலுச்சியோ சலுதாத்தி. 1375 முதல் 1406 வரை புளோரன்ஸ் குடியரசின் தலைமைச் செயலராக இருந்த இவர், கான்ஸ்டான்டிநோபிளில் இருந்து ஆண்ட பைசாந்தியப் பேரரசரின் தூதராகத் துருக்கியருக்கு எதிராக உதவி கேட்டு இத்தாலிக்கு வந்துபோன மானுவேல் கிரிசோலோராஸ் என்ற அறிஞரை, நகரத்தின் செலவில் கிரேக்கம் கற்பிக்க அழைத்தார். துருக்கியருக்கு இக்கதையில் இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த இடம் கோட்டை வீழ்வதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே வந்துவிடுகிறது என்கிறேன். அழைப்பு போன சமயத்தில் கான்ஸ்டான்டிநோபிளில் தங்கியிருந்த தம் இளைய நண்பர் ஒருவருக்குச் சலுதாத்தி ஒரு கடிதம் எழுதினார். கிடைக்கிற வரலாற்று நூல்கள், செய்யுள் நூல்கள், பிளேட்டோ, புளூட்டார்க் என்று பட்டியல் போட்டுவிட்டு, ஹோமர் மட்டும் தோலில் பெரிய எழுத்தில் எழுதப்பட்டதாக இருக்க வேண்டும் என்று தனியாகக் கேட்டிருக்கிறார். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கண் பார்வை குறையும் வயதில் ஒரு புதிய மொழியின் அரிச்சுவடியைத் தொடங்க நினைத்த அந்தப் பெரியவரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

கிரிசோலோராஸ் 1397இல் புளோரன்ஸ் வந்து மூன்று ஆண்டுகள் பாடம் நடத்தினார். அவர் செய்த பெரிய காரியம் ஓர் எளிய இலக்கணம். பைசாந்திய இலக்கணிகள் 56 வகையாகப் பிரித்துவைத்திருந்த பெயர்ச்சொற்களை அவர் பத்தாகச் சுருக்கினார். அந்நிய மொழியாக அதைக் கற்கும் இத்தாலியருக்கு அதுவே வாசலைத் திறந்துவிட்டது. சட்டம் படித்துக்கொண்டிருந்த லியோனார்டோ புரூனி என்ற இளைஞர் பல நாள் யோசித்த பிறகு கிரேக்கத்தின் பக்கம் சாய்ந்தார். சட்ட ஆசிரியர்கள் எப்போதும் கிடைப்பார்கள், இத்தாலியில் எழுநூறு ஆண்டுகளாக இல்லாத கிரேக்கக் கல்வியைத் தரும் ஆசிரியர் இந்த ஒருவர்தான் என்பது அவருடைய கணக்கு. பிளேட்டோவின் சில உரையாடல்களையும் அரிஸ்டாட்டிலின் அறவியல், அரசியல் நூல்களையும் லத்தீனில் பெயர்த்த புரூனி, பிற்காலத்தில் சலுதாத்தி அமர்ந்திருந்த அதே பதவிக்கும் வந்தார்.

சுவடி தேடியவர்களில் முதலிடம் போஜ்ஜியோ பிராச்சியோலினிக்கு. போப்பாண்டவரின் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த இவர், ஒரே நேரத்தில் மூவர் போப்பாண்டவர் பதவிக்கு உரிமை கோரிய குழப்பத்தைத் தீர்க்கக் கான்ஸ்டன்ஸ் நகரில் 1414 முதல் 1418 வரை நடந்த திருச்சபைப் பேரவைக்குச் சென்றிருந்தார். 1415இல் பேரவை அவருடைய எசமானரையே பதவி நீக்கியதால் அவருக்கு வேலை போயிற்று, நேரம் கிடைத்தது. 1416 கோடையில் இரு நண்பர்களுடன், சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் இருந்த செயின்ட் கேலன் மடத்துக்குப் போனார். கோபுரம் ஒன்றின் அடியில், மரண தண்டனை பெற்றவர்களைக்கூட அடைத்துவைக்கத் தகாத இருட்டறையில், பூஞ்சையும் தூசியும் படிந்து நூல்கள் கிடந்ததாக அவர் குவாரினோ என்ற கல்வியாளருக்கு எழுதிய கடிதத்தில் விவரிக்கிறார். அங்கேதான் ரோமானிய ஆசிரியர் குயின்டிலியனின் கல்வி நூல் முழுமையாகக் கிடைத்தது. அதற்கு முன் இத்தாலியில் புழங்கிய படிகள் சிதைந்தவை. பெட்ரார்க் வைத்திருந்ததும் அப்படிப்பட்டதே. பேச்சாளன் ஒருவனைக் குழந்தைப் பருவத்திலிருந்து எப்படி வளர்ப்பது என்று பன்னிரண்டு பகுதிகளில் விளக்கும் அந்த நூல், மாணவர்களைப் பிரம்பால் அடிப்பது கூடாது என்று கி.பி. முதல் நூற்றாண்டிலேயே வாதிட்டது. குவாரினோ உள்ளிட்ட புதிய கல்வியாளர்களுக்கு அது கைநூலாயிற்று.

மறு ஆண்டு ஜெர்மானிய மடம் ஒன்றில் ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸின் காவியம் போஜ்ஜியோவுக்குக் கிட்டியது. உலகம் அணுக்களாலானது, தேவர்கள் மனித வாழ்க்கையில் தலையிடுவதில்லை என்று பாடும் அந்த நூலின் படியைப் புளோரன்ஸிலிருந்த நண்பர் நிக்கோலோ நிக்கோலிக்கு அனுப்பிவைத்தார். நிக்கோலி அதை எளிதில் திருப்பித் தரவில்லை. பத்தாண்டுகளுக்கு மேல் போஜ்ஜியோ கேட்டுக் கேட்டுச் சலித்த கடிதங்கள் கிடைக்கின்றன. போஜ்ஜியோவின் அந்தப் படி பின்னர் தொலைந்துபோனது. நிக்கோலி தம் கையால் எழுதிக்கொண்ட படி இன்றும் புளோரன்ஸின் லாரென்சியன் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஆகவே புத்தகத்தைத் திருப்பித் தராத நண்பர்களைப் பற்றி இக்கதையைக் கொண்டு தீர்ப்புச் சொல்வது கடினம்.

இந்த நிக்கோலி விசித்திரமான மனிதர். சொந்தமாகக் குறிப்பிடத்தக்க நூல் எதையும் எழுதவில்லை. பிறர் எழுதியவற்றில் குறை கண்டுபிடிப்பதில் மட்டும் நிபுணர். வணிகர் குடும்பத்துச் சொத்தையெல்லாம் நூல்களிலும் பழம்பொருள்களிலும் கரைத்தார். தெருவில் ஒரு சிறுவனின் கழுத்தில் உருவம் செதுக்கிய கல் ஒன்று தொங்குவதைக் கண்டு, அவன் தந்தை யார் என்று விசாரித்து, ஆள் அனுப்பி ஐந்து பொற்காசுகளுக்கு அதை வாங்கிய கதையை அக்காலப் புத்தக வணிகர் வெஸ்பாசியானோ எழுதிவைத்திருக்கிறார். கொடுத்தவருக்கு அது ஏதோ ஒரு கல், வாங்கியவருக்கோ பண்டைய சிற்பியின் கைவண்ணம். 1437இல் நிக்கோலி இறந்தபோது அவரிடம் சுமார் 800 நூல்களும் நிறையக் கடனும் இருந்தன. நூல்களில் இருநூறு பிறரிடம் இரவலில் இருந்தனவாம். கற்க விரும்புவோர் அனைவருக்கும் அவை பயன்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். புளோரன்ஸின் பெருஞ்செல்வர் கோசிமோ தெ மெடிசி கடனை அடைத்து, நூல்களில் சுமார் பாதியைச் சான் மார்க்கோ மடத்துக்கு அளித்தார். அங்கே மிக்கெலோட்சோ கட்டிய, இரு வரிசைத் தூண்கள் தாங்கும் நீண்ட மண்டபம் 1444இல் நூலகமாயிற்று. மெடிசி குடும்பத்தின் கலைப் புரவல்களில் நான் முதலில் குறிப்பிடுவது ஓவியங்களை அல்ல, இதைத்தான்.

இவர்கள் விட்டுச்சென்ற இன்னொன்று எழுத்தின் வடிவம். நெருக்கமாகவும் கோணலாகவும் எழுதப்பட்டு வந்த அக்காலத்து எழுத்தை வெறுத்த போஜ்ஜியோ, தாம் கண்ட பழைய சுவடிகளிலிருந்த உருண்டையான, தெளிவான எழுத்தைப் பின்பற்றினார்; அதையே சாய்வாக, விரைவாக எழுதும் முறையை நிக்கோலி கையாண்டார். அவர்கள் அதைப் 'பழைய எழுத்து' என்று அழைத்தனர். ஆனால் அது சிசரோ காலத்து எழுத்து அன்று. எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் சார்லமேன் ஆட்சியில் மடத்துத் துறவிகள் சீர்ப்படுத்திய எழுத்து. இடைக்காலத்தை இருள் என்று ஏசியவர்கள், அதன் எழுத்தையே கடன் வாங்கி ஏசினர். போஜ்ஜியோவின் உருண்டை எழுத்து இன்றைய ரோமன் அச்செழுத்துக்கும், நிக்கோலியின் சாய்வெழுத்து இத்தாலிக் எழுத்துக்கும் மூதாதைகள்.

கல்வி வேறு, கலை வேறு என்று பிரித்துப் பேசுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. புளோரன்ஸின் உஃபீசி கூடத்திலுள்ள போட்டிசெல்லியின் 'அவதூறு' என்ற ஓவியம் அந்தப் பிரிவினையை ஏற்காது. ஒரு மீட்டர் அகலம்கூட இல்லாத பலகை அது. வலப்பக்கத்தில் கழுதைக் காதுகளுடன் ஓர் அரசன்; அந்தக் காதுகளில் அறியாமையும் ஐயமும் இரு பெண்களாக நின்று ஓதுகின்றனர். கையில் தீப்பந்தம் ஏந்திய அவதூறு, ஓர் இளைஞனைத் தலைமயிரைப் பற்றி இழுத்து வருகிறாள்; வஞ்சகமும் ஏமாற்றும் அந்த நேரத்திலும் அவளுடைய கூந்தலை அலங்கரித்துக்கொண்டிருக்கின்றன. இடக்கோடியில் கறுப்புடுத்த கழிவிரக்கம் தலையைத் திருப்பி உண்மையைப் பார்க்கிறாள். உண்மையோ ஆடையின்றி, விரலை மேலே உயர்த்தி, யாரையும் பார்க்காமல் நிற்கிறாள். இந்தக் காட்சி போட்டிசெல்லியின் கற்பனை மட்டும் அன்று. அலெக்சாந்தர் காலத்து ஓவியர் அப்பெல்லஸ் வரைந்து அழிந்துபோன ஓர் ஓவியத்தை, கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எழுத்தாளர் லூசியன் கிரேக்க மொழியில் வருணித்தார். கான்ஸ்டான்டிநோபிளுக்கே போய்க் கிரிசோலோராஸின் வட்டத்தில் கிரேக்கம் கற்ற குவாரினோ அதை லத்தீனில் பெயர்த்தார். ஓவியக் கலை பற்றி 1435இல் நூல் எழுதிய அல்பெர்ட்டி, ஓவியர்கள் தேர்ந்துகொள்ளத்தக்க பொருள் இது என்று பரிந்துரைத்தார். 1490களின் நடுவில் போட்டிசெல்லி வரைந்தார். நடுவில் ஒரு மொழியாசிரியர் இல்லாமல் போயிருந்தால் இந்த ஓவியம் இல்லை.

1453 இந்த வரிசையில் எங்கே வருகிறது? வீழ்ச்சி மறுமலர்ச்சியைத் தொடங்கிவைக்கவில்லை. நடந்துகொண்டிருந்த தேடலை அவசரப்படுத்தியது. 1438இல் திருச்சபை ஒற்றுமைப் பேச்சுக்காகக் கிரேக்கத் தூதுக்குழுவுடன் வந்து, பின்னர் கர்தினாலாகி இத்தாலியிலேயே குடியேறிவிட்ட பெசாரியோன், நகரம் வீழ்ந்த செய்திக்குப் பிறகு, எஞ்சிய கிரேக்க நூல்கள் அனைத்தையும் ஓரிடத்தில் சேர்த்துவிட வேண்டும் என்று முனைந்து சேகரித்தார். 1468இல் அவர் வெனிஸ் நகரத்துக்குக் கொடையாக அளித்த 746 சுவடிகளில் 482 கிரேக்கம். ஆனால் வெனிஸ் அவற்றை வாங்கிப் பல பத்தாண்டுகள் பெட்டிகளிலேயே பூட்டி வைத்திருந்தது. அதற்கென்று நூலகக் கட்டடத்தைத் தொடங்கவே 1537 ஆகிவிட்டது.

கிரேக்க நூல்களை உண்மையில் ஊரெங்கும் கொண்டுசேர்த்தவர் அதே நகரத்தில் அச்சகம் வைத்த ஆல்டஸ் மனுஷியஸ். கிரேக்கம் தவிர வேறு மொழி பேசினால் அபராதம், சேரும் அபராதத்தில் விருந்து என்று தம் அறிஞர் வட்டத்துக்கு விதி வகுத்த அவர், 1495 முதல் 1498 வரை அரிஸ்டாட்டிலை ஐந்து பெரிய தொகுதிகளாக அச்சிட்டார். 1502இல் சொபோக்ளிஸ், தூசிடைடிஸ், ஹெரடோட்டஸ், 1513இல் பிளேட்டோ. 1501இல் வெர்ஜிலைக் கைக்கு அடக்கமான அளவில், சாய்வெழுத்தில் வெளியிட்டவரும் அவரே.

1508இல் அவர் ரோமானியர் பிளினியின் கடிதங்களை அச்சிட்டபோது, பாரிஸிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமையான தோல்சுவடி ஒன்று அவருக்கு வந்தது. பேரரசர் டிராஜனுடன் பிளினி நடத்திய கடிதப் போக்குவரத்து அதில் முழுமையாக இருந்தது. நூல் அச்சாகி விற்பனைக்கு வந்த பிறகு அந்தச் சுவடி என்னவாயிற்று என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இருட்டறைகளில் நூல்களைச் சிறைவைத்ததாகப் போஜ்ஜியோ துறவிகள்மேல் குற்றம் சாட்டினார். அப்படிப்பட்ட காலங்களையெல்லாம் கடந்து பிழைத்து வந்த அந்தச் சுவடியில், மறுமலர்ச்சியின் மிகச் சிறந்த அச்சகத்துக்குள் நுழைந்த பின் நமக்குக் கிடைப்பவை ஆறே இதழ்கள். அவை இப்போது நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் உள்ளன.